ஒன்பது டெசிபெல் அன்டெனாவும் சோளகக் காற்றும்

கூடிய டெசிபெல் உள்ள அன்டெனா பூட்டினால் அதற்குப் பெரிய பற்றரியும் வாங்க வேண்டிவரும் என்று, ஒரு கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னவன் நான். வழியில் போன ஆள் யாராவது இதைச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நான் சட்டையில் 'ரேடியோ தொழினுட்பவியலாளர்' என்று அட்டை குத்திக்கொண்டு சொன்னேன். அன்டெனா என்பது சும்மா நிற்கிற கம்பி. அது மின்சாரம் குடிப்பதில்லை. பெரிய தொப்பி போட்டவனுக்குக் கூடுதலாகச் சோறு போட வேண்டும் என்று சொன்னதற்கு ஒப்பான கதை அது.

இதை இப்போது நினைப்பதற்குக் காரணம், போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. ஓய்வுபெற்று வீட்டில் கோழிகளுக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டு இருக்கிற என்னை, எங்கள் பழைய நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிற ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"அண்ணை, புது ரேடியோ செற் வந்திருக்கு. பவர் எவ்வளவு எண்டு பாத்தா நாப்பத்துநாலு எண்டு காட்டுது. இது இருவத்தஞ்சு வாட் செற் எல்லோ? எரிஞ்சு போடுமோ?"

"எரியாது. அந்த நாப்பத்துநாலும் உம்மடை இருவத்தஞ்சும் ஒண்டுதான்."

"அதெப்பிடி அண்ணை ஒண்டாகும்?"

சொல்லிக் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை ஒருக்கா எழுதித் தாங்கோவன், நாளைக்கு மறந்துபோம்" என்றார். எழுத உட்கார்ந்தேன். வாட்டையும் டெசிபெல்லையும் எழுதத் தொடங்கினால் அந்தோனி அண்ணையின் படகு வருகிறது. படகு வந்தால் சுகந்தி வருகிறா. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் பயின்றேன். சிங்களத்தில் திட்டு வாங்கினேன், ஆங்கிலத்தில் பாடமாக்கினேன், தமிழில் ஒன்றும் விளங்காமல் ஊருக்கு வந்து சேர்ந்தேன். என்னை ஊர்காவற்றுறையில் இருந்த நிலையத்துக்குப் போட்டார்கள். தீவுகளுக்கு ஓடுகிற அரச படகுகளிலும் தீவு ஆஸ்பத்திரிகளிலும் இருந்த ரேடியோக்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கைத்தொலைபேசி அப்போது கரையில் வேலை செய்யும்; கடலுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் செத்துவிடும். நடுக்கடலில் இருப்பவனுக்கு ரேடியோவை விட்டால் வேறு வாய் இல்லை.

நிலையத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் தவமணி மிஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம் புங்குடுதீவில் உள்ள மடத்துவெளியைச் சேர்ந்தவர். பழைய ஸ்கூட்டரில், பாலத்துக் காற்றுக்குக் குனிந்துகொண்டு வருவார். வந்ததும் பால் போடாத தேத்தண்ணி; கன்னத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அந்தத் துண்டு கரைந்து முடியும்வரை ஒருவரோடும் கதைக்க மாட்டார். நான் வேலை செய்த காலம் முழுவதிலும் ஒருவரையும் அவர் 'பிழை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. திட்டுவதற்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

"எதோடை ஒப்பிட்டு?"

"மிஸ், இண்டைக்கு வெக்கை கூட" என்றால், "எதோடை ஒப்பிட்டு?" "மிஸ், இந்தக் கேபிள் நல்லது" என்றால், "எதோடை ஒப்பிட்டு?" எனக்குக் கலியாணம் பேசி வந்த பெண்ணின் படத்தை ஒருநாள் கொண்டுபோய்க் காட்டி, "வடிவோ மிஸ்?" என்று கேட்டேன். வழக்கமான கேள்விக்கு வாயெடுத்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உம்மோடை ஒப்பிட்டா நல்ல வடிவு" என்றார். அதே பெண்ணைத்தான் கட்டினேன். இன்றைக்கும் அந்த மதிப்பீடு மாறவில்லை.

நான் கொழும்பில் பாடமாக்கியும் விளங்காத டெசிபெல், உண்மையில் அந்தக் கேள்விக்கான பதில்தான். டெசிபெல் என்பது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்று சொல்வது. பத்து மடங்கு என்றால் பத்து டெசிபெல், நூறு மடங்கு என்றால் இருபது, ஆயிரம் மடங்கு என்றால் முப்பது. இரண்டு மடங்குக்கு வெறும் மூன்று. எதனோடு ஒப்பிட்டோம் என்பதைக் காட்டத்தான் பின்னால் ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு. ஒரு வாட் ஆயிரம் மில்லிவாட், ஆகவே முப்பது டிபிஎம். இருபத்தைந்து வாட்டைக் கணக்குப் பார்த்தால் நாற்பத்துநான்கு வரும். செற் எரியாது.

அன்டெனாவுக்கு வேறு ஒப்பீடு. எல்லாத் திசைக்கும் ஒரேயளவாகப் பரப்புகிற ஒரு கற்பனை அன்டெனாவோடு ஒப்பிட்டால் டிபிஐ. இரண்டு கம்பித் துண்டுகளால் செய்த சாதாரண அன்டெனாவோடு ஒப்பிட்டால் டிபிடி. முதலாவது இலக்கம் எப்போதும் இரண்டு சொச்சம் கூட வரும். ஒரே அன்டெனாவை ஒரு பெட்டிக்குள் வைத்து ஆறு என்றும், இன்னொரு பெட்டிக்குள் வைத்து எட்டு என்றும் எழுதி விற்கலாம்; இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. நான் எட்டைத்தான் வாங்குவேன்.

பற்றரிக் கதைக்கு வருகிறேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தவமணி மிஸ் சிரிக்கவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் என்னை நிலையத்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சமைக்கிற அக்கா ரொட்டிக்குக் கோதம்பமா குழைத்து வைத்திருந்தா. மிஸ் அதில் ஒரு உருண்டையை எடுத்தார்.

"குணராசா, இதில எவ்வளவு மா இருக்கு?"

"ஒரு ரொட்டிக்குரிய மா, மிஸ்."

உருண்டையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அமத்தினார். "இப்ப?"

"அதே மாதான்."

"கூடினது என்ன?"

"அகலம்."

"குறைஞ்சது என்ன?"

"தடிப்பு."

"மாதான் வாட். அமத்தின கைதான் அன்டெனா. அந்த உருண்டை எல்லாப் பக்கமும் ஒரேயளவு. அமத்த அமத்தச் சுத்தவரத் தூரம் போகும், மேலையும் கீழையும் இல்லாமல் போகும். புதுசா மா வராது. நீர் மா கூடிப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு பற்றரி கேக்கிறீர்."

"மிஸ், நல்லா விளங்குது" என்றேன். அந்த ரொட்டியை எனக்கே சுட்டுத் தந்தார்கள். சம்பலோடு சாப்பிட்டேன். அகலம் மனதில் நின்றது. தடிப்பு சம்பலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

நெடுந்தீவிலிருந்து நோயாளிகளை ஏற்றி வருகிற படகுக்குப் புது அன்டெனா பூட்ட வேண்டி வந்தபோது, தெரிவை என்னிடம் விட்டார் மிஸ். பழையது மூன்று டெசிபெல், கைத்தடி அளவு. நான் ஒன்பது டெசிபெல் எடுத்தேன். மூன்று ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும் வெள்ளைக் கம்பு. நன்றாக அமத்திய ரொட்டி. காகிதம் போலத் தட்டை, ஆனால் இந்தியா வரைக்கும் போகும் என்று நினைத்தேன். படகை ஓட்டுகிற தண்டேல் அந்தோனி அண்ணை, தலைமுறை தலைமுறையாகக் கடலில் தொழில் செய்த குடும்பத்துக்காரர், அந்தக் கம்பை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, உது என்ன, நிலவுக்குத் தூண்டில் போடவோ?"

"சக்தி கூடினது அண்ணை."

"சக்தி கூடினது எண்டால் படகைக் கவிழ்க்காமல் இருந்தால் போதும்."

பூட்டினால் சோதிக்க வேண்டும். இங்கேதான் என்னுடைய இரண்டாவது கெட்டித்தனம். நான் தீவில் பிறந்தவன். நாலு பக்கமும் கடல். ஆனால் கடலில் ஏறினால் வாந்தி எடுப்பேன். நெடுந்தீவுக்குப் போவதென்றால் முதல் நாளே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். வீட்டில் நான் விரதம் என்று நினைப்பார்கள். ஆகவே என்னுடைய சோதனைகள் எல்லாம் பங்குனி மாதக் காலைகளில் நடக்கும். அப்போது கடல் துடைத்துவைத்த மேசை போலக் கிடக்கும். அப்படி ஒரு காலையில்தான் ஒன்பது டெசிபெல்லைச் சோதித்தேன். நெடுந்தீவு இறங்குதுறையிலிருந்து கதைத்தால், பக்கத்து அறையில் கதைக்கிற மாதிரி ஊர்காவற்றுறையில் கேட்டது.

"எப்பிடி?" என்று மிஸ் கேட்டார்.

"அந்தமாதிரி மிஸ், திறம்."

"எதோடை ஒப்பிட்டு?"

"பழைய அன்டெனாவோடை." இந்தமுறை பதில் தயாராக வைத்திருந்தேன்.

"கடல் எப்பிடி இருந்தது?"

"நல்ல கடல் மிஸ்."

ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினார். "ம்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

வைகாசி பிறந்து சோளகம் தொடங்கியது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. நெடுந்தீவுக் கடலை ஆட்டி எடுத்துவிடும். அந்தோனி அண்ணை கரைக்கு வரும்போதெல்லாம், "தம்பி, உம்மடை ரேடியோ விக்கல் எடுக்குது" என்று சொன்னார். "மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கோ அண்ணை" என்றேன். அவர் பிடித்தார். விக்கல் நிற்கவில்லை. "இன்னும் கிட்டப் பிடியுங்கோ" என்றேன். "இன்னும் கிட்டவெண்டால் விழுங்கத்தான் வேணும்" என்றார்.

பிறகு அந்த நாள். பின்நேரம். நெடுந்தீவு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. சுகந்தி என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி, முதல் பிள்ளை, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்ய வேண்டும். அந்தோனி அண்ணை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். மருத்துவிச்சி ஒருவரும் கூட வருகிறா. புங்குடுதீவின் மறுகரையில் இருக்கிற குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு அம்புலன்ஸ் வந்து நிற்கும். எல்லாம் ஒழுங்கு.

படகு வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் ஓட்டி கூப்பிட்டார். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் உள்ள பாலத்தில், கல் ஏற்றிய லொறி ஒன்று அச்சு முறிந்து குறுக்காகக் கிடக்கிறது. சைக்கிள்கூடப் போக ஏலாது. தான் வேலணைப் பக்கம் நிற்பதாகச் சொன்னார். குறிகாட்டுவானுக்கு வர ஏலாது. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வேண்டுமானால் உடனே வருவேன் என்றார்.

ஆகவே படகு குறிகாட்டுவானுக்குப் போகக்கூடாது. நயினாதீவுக்கு மேற்கால் திரும்பி, நேரே ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். அதை நயினாதீவைத் தாண்டுவதற்கு முதல் அந்தோனி அண்ணைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவர் குறிகாட்டுவானுக்குப் போய், அம்புலன்ஸ் இல்லாததைக் கண்டு, திரும்பவும் காற்றுக்கு எதிராக வெளிக்கிட வேண்டும். அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடம் இருக்கவில்லை.

நான் மைக்கை எடுத்தேன். "அந்தோனி அண்ணை, அந்தோனி அண்ணை, குறிகாட்டுவானுக்குப் போகாதேங்கோ. பாலம் அடைபட்டுக் கிடக்கு. ஊர்காவற்றுறைக்கு வாங்கோ."

பதில் வந்தது. "...ம்பி... கேக்... வானுக்கு... ன்ன சொல்லுறா..."

திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அதே துண்டுகள். 'குறிகாட்டுவானுக்கு' என்பது மட்டும் அவருக்குக் கேட்டு, 'போகாதேங்கோ' கேளாமல் விட்டிருந்தால்? எங்கள் செற்றின் பவரை இருபத்தைந்திலிருந்து ஐம்பது வாட்டுக்குத் திருப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. பின்னால் மிஸ் வந்து நின்றார்.

"என்ன செய்தனீர்?"

"ரெண்டு மடங்கு கூட்டினனான், மிஸ்."

"எத்தினை டெசிபெல்?"

"மூண்டு" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தோனி அண்ணையின் குரல் வந்தது, போனது, வந்தது, போனது. மிஸ்ஸின் விரல் மேசையில் அதற்குத் தாளம் போட்டது. ஒரே சீரான தாளம்.

"இது அலை" என்றார். "படகு சரியேக்கை ரொட்டியும் சரியுது. ஒரு பக்கம் வானத்துக்கு, மற்றப் பக்கம் தண்ணிக்குள்ளை. படகு நிமிர்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எங்களைப் பாக்குது. நீர் எத்தினை வாட் போட்டாலும் அது நிமிர்ந்தால்தான் கேக்கும்."

குசினியில் சம்பலோடு விழுங்கிய தடிப்பு, திரும்பத் தொண்டைக்கு வந்தது. தட்டை ரொட்டியைப் படகில் பூட்டியவன் நான். சோதித்த அன்றைக்கு ரொட்டி சரியவில்லை. ஏனென்றால் எனக்கு வாந்தி வராத கடலாகப் பார்த்துப் போனேன்.

"மிஸ், இப்ப என்ன செய்யிறது?"

"வசனம் சொல்லாதையும். வசனம் அதுக்குள்ளை அடங்காது. ஒரே ஒரு சொல்லு. நிப்பாட்டாமல் சொல்லும். அது நிமிர்ற நேரம் எது எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆனால் நீர் விடாமல் சொன்னால் ஏதோ ஒருக்கா முழுசா உள்ளை விழும்."

ஊர்காவற்றுறையை எங்கள் ஆட்கள் வாயால் சொன்னால் 'ஊறாத்துறை' என்றுதான் வரும். அந்தச் சொல்லைத்தான் எடுத்தேன். பஸ் தரிப்பிடத்தில் கொண்டக்டர் நின்று கத்துவது போல, "ஊறாத்துறை! ஊறாத்துறை! ஊறாத்துறை! ஊறாத்துறை!" மூச்சு முட்டும்வரை கத்தினேன். நிறுத்திக் கேட்டேன். சத்தம் இல்லை. திரும்பவும் கத்தினேன். குசினி அக்கா கையில் அகப்பையோடு வந்து வாசலில் நின்றா. றோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் எங்கே என்று ஒருவர் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். என் குரல் உடைந்தபோது மிஸ் மைக்கை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. அன்றைக்கு என்னால் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை அதுதான்.

நிறுத்தினேன். இரைச்சல். பிறகு, "...றாத்து... சரி... ம்பி, ஊறாத்துறை, ச..."

மிஸ் கண்ணைத் திறந்தார். "விழுந்திட்டுது" என்றார்.

விழுந்ததா என்று படகைக் காணும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்குதுறைக்கு ஓடினேன். அம்புலன்ஸ் பின்கதவைத் திறந்தபடி நின்றது. இறங்குதுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டைக்கு அங்கால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு கிடந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோட்டைச் சுவருக்கு மேலால் ஒரு வெள்ளைக் கம்பு தெரிந்தது. இடமும் வலமும் குடிகாரன் போல ஆடி ஆடி வந்தது. என்னுடைய ஒன்பது டெசிபெல். அதைக் கண்டு அவ்வளவு சந்தோசமும் அவ்வளவு வெட்கமும் ஒன்றாக வந்தது எனக்கு அன்றைக்குத்தான்.

சுகந்தியைத் தூக்கி அம்புலன்ஸில் ஏற்றினார்கள். கண் மூடியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தா. அந்தோனி அண்ணை படகிலிருந்தே கத்தினார்: "முதல் 'துறை' எண்டு வந்துது, பிறகு 'ஊறா' எண்டு வந்துது. இவன் தம்பி வேலையை விட்டிட்டு பஸ்ஸில ஏறிட்டான் எண்டு நினைச்சன். முழுசா வந்த உடனை திருப்பிப்போட்டன்."

அன்று இரவு யாழ்ப்பாணத்திலிருந்து தகவல் வந்தது. ஒப்பரேசன் முடிந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெண் பிள்ளை. மிஸ் கைப்பைக்குள் இருந்து ஒரு பனங்கட்டித் துண்டை உடைத்து என் கையில் வைத்தார். அந்தப் பைக்குள் இருந்து வேறு யாருக்கும் ஒரு துண்டும் போனதை நான் கண்டதில்லை. அது கரையும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் காற்று இன்னும் கூடியிருந்தது. இறங்குதுறையில் கொடி கிழிந்துவிடும் போல அடித்தது. மிஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கையில் பழைய மூன்று டெசிபெல் அன்டெனா.

"வாரும் குணராசா. இண்டைக்குத்தான் சோதிக்க நல்ல கடல்."

"எதோடை ஒப்பிட்டு மிஸ்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீர் போன கடலோடை."

போனோம். ஒன்பதைக் கழற்றி மூன்றைப் பூட்டினேன். கடற்கோட்டை தாண்டியதும் தொடங்கியது என் வாந்தி. ஒரு கையால் படகின் ஓரத்தையும் மறு கையால் மைக்கையும் பிடித்துக்கொண்டு, நிலையத்தில் இருந்தவருக்குக் கதைத்தேன். "கேக்குதோ?" என்று கேட்டுவிட்டுக் கடலுக்குள் குனிவேன். "கேக்குது அண்ணை, எல்லாம் கேக்குது" என்று பதில் வரும். 'எல்லாம்' என்று அவர் அழுத்திச் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. படகு எந்தப் பக்கம் சரிந்தாலும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, அறுந்து போகவில்லை. தடித்த ரொட்டி. தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் சரிந்தாலும் ஒரு துண்டு எங்கள் பக்கம் இருந்துகொண்டே இருந்தது. அந்தோனி அண்ணை சுக்கானைப் பிடித்தபடி, "தம்பி, மீனுக்குச் சாப்பாடு போட்டது போதும், திரும்புவமோ?" என்று கேட்டார். மிஸ், "இன்னும் கொஞ்சத் தூரம்" என்று சொல்லிவிட்டு ஒரு பனங்கட்டித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

இப்போது படகுகளுக்கு அன்டெனா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து எத்தனை டெசிபெல் எடுக்கலாம் என்று கேட்டால், கட்டையானதை எடுங்கள் என்கிறேன். கடைக்காரருக்கு என்னில் கோபம். கரையில் அசையாமல் நிற்கிற கோபுரத்துக்குத் தட்டை ரொட்டி நல்லது. ஆடுகிற படகுக்குத் தடித்ததுதான் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கடலில் சோதித்தது என்று கேளுங்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அனலைதீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், எங்கள் நிலையத்துக்கு வந்தா. அந்தோனி அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை நல்ல கொழுகொழு. "அண்டைக்கு ரேடியோவில கதைச்ச ஆள் இவர்தான்" என்று என்னைக் காட்டினார். நான் எழும்பினேன். நன்றி சொன்னால் 'அதெல்லாம் எங்கடை கடமை' என்று சொல்வதற்கு முகத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு நின்றேன். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

"நீங்களோ அந்த ஊறாத்துறை? அந்த ரேடியோப் பெட்டி என்ரை தலைமாட்டிலதான் இருந்தது. பிள்ளை குறுக்கை கிடந்த நோவோடை ஒப்பிட்டாலும் அண்ணை, உங்கடை குரல்தான் தாங்க ஏலாமல் கிடந்தது."